வரையாட்டின் பின்னே நடந்தவர்கள்

குளம்புள்ள விலங்குகளைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்புகிறவருக்கு உடுமலைப்பேட்டையிலிருந்து மூணாறு போகும் சாலையைவிட நல்ல பாடசாலை தென்னிந்தியாவில் இருப்பதாகத் தெரியவில்லை. வறண்ட சமவெளியில் புறப்படும் பேருந்து சின்னாறு சோதனைச் சாவடியைத் தாண்டியதுமே முட்காட்டுக்குள் நுழைகிறது. அங்கே புள்ளிமான். ஓடைக் கரையோர மரங்கள் அடர்ந்தால் கடமான். வளைவுகளில் ஏறி மறையூரை நெருங்கும்போது, அதிர்ஷ்டம் இருந்தால், காட்டுமாடு. தேயிலைத் தோட்டங்களைக் கடந்து இராஜமலைச் சரிவில் ஏறிவிட்டால் வரையாடு. சில மணி நேரப் பயணத்துக்குள் மழையும் புல்லும் மாறுகின்றன. புல் மாறும் இடத்திலெல்லாம் அதைத் தின்னும் குளம்பும் மாறிவிடுகிறது.

நான் இந்தச் சாலையில் வந்தது விலங்குகளைப் பார்க்க மட்டுமல்ல, அவற்றைப் பார்ப்பதையே வாழ்க்கைத் தொழிலாகக் கொண்ட சிலர் நடந்த மண்ணில் நானும் கொஞ்சம் நடந்துபார்க்க. புலியைத் தேடிப் போனவர்களின் கதைகள் நமக்குப் போதுமான அளவு கிடைக்கின்றன. புல் தின்னும் விலங்கின் பின்னால் பத்து, இருபது ஆண்டுகள் போனவர்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ஆனால் இந்த நாட்டில் காட்டுயிர் ஆய்வு என்ற துறைக்கு அடித்தளம் போட்டவர்களில் பலர் மானையும் ஆட்டையும் எண்ணிக்கொண்டிருந்தவர்கள்தான்.

சின்னாறில் பேருந்து நின்றபோது சாவடிக்கு அப்பால் ஒரு புள்ளிமான் கூட்டம் மேய்ந்துகொண்டிருந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. புள்ளிமான் எல்லா இடத்திலும் இருக்கிறது என்ற எண்ணம் நமக்கு. 1963இல் மத்தியப் பிரதேசத்தின் கான்ஹாவுக்கு வந்த ஜார்ஜ் ஷாலர் அப்படி நினைக்கவில்லை. 1933இல் பெர்லினில் பிறந்து அமெரிக்காவில் படித்தவர் அவர். அதற்கு முன்பே ஆப்பிரிக்க மலைக் கொரில்லாக்களிடையே வாழ்ந்து பேர் பெற்றிருந்தார். மனைவியோடும் இரண்டு சிறு மகன்களோடும் காட்டு பங்களா ஒன்றில் தங்கி 1965 வரை கான்ஹாவில் வேலை செய்தார். புள்ளிமான், கடமான், பாரசிங்கா, காட்டுமாடு ஆகிய ஒவ்வொன்றும் எப்போது குட்டி போடுகிறது, எதைத் தின்கிறது, கூட்டத்தில் ஆண் எத்தனை பெண் எத்தனை, மான்களின் கொம்பு எந்த மாதத்தில் விழுகிறது என்று எழுதி வைத்தார். புலியின் எச்சத்தைக் கிளறி அதில் எந்த விலங்கின் முடி இருக்கிறது என்று பார்த்தார். 1967இல் வெளிவந்த அவருடைய நூலின் பெயர் ‘மானும் புலியும்’ என்ற பொருள்படும். மான் முதலில் வருகிறது. புலி வாழ்வதும் சாவதும் மானைப் பொறுத்தது என்பதை எண்களைக் கொண்டு காட்டிய நூல் அது.

அப்போதே கான்ஹாவின் பாரசிங்காக்கள் வேகமாகக் குறைந்துகொண்டிருந்தன. 1970இல் அவை வெறும் 66தான். அடுத்த ஆண்டு கிளாட் மார்ட்டின் என்ற சுவிஸ் இளைஞர் முனைவர் பட்டத்துக்காக அங்கே வந்து அந்த மானைப் பற்றியே ஆராய்ந்தார். பின்னாளில் உலக இயற்கை நிதியத்தின் தலைமை இயக்குநர் ஆனவர் அவர். கிராமங்கள் இடம்பெயர்ந்து, உயரமான புல் மீண்டும் வளர்ந்தபின் அந்த மான் தப்பியது. இன்று அங்கே ஆயிரத்துக்கும் மேல். எந்தப் புல்லில் அது குட்டியை ஒளித்துவைக்கிறது என்று ஒருவர் உட்கார்ந்து பார்த்திருக்காவிட்டால், எதைக் காப்பாற்றுவது என்றே யாருக்கும் தெரிந்திருக்காது.

மறையூரில் சந்தனக் காட்டின் கம்பி வேலியும் கரும்பாலைப் புகையும் கடந்தன. இலக்கம் அருவி வந்தது. அதற்குமேல் தேயிலை. வாகுவரை எஸ்டேட்டில் ஏறிய ஒரு அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தார். கொளுந்துப் பை மடித்து மடியில் இருந்தது. மேலே பாறை முகட்டை நான் தொலைநோக்கியில் துழாவுவதைப் பார்த்துவிட்டு, “என்ன சார் தேடுறீங்க, வரையாடா?” என்றார். ஆமாம் என்றேன். “வெயில் ஏறினா பாறைக்குப் போயிரும். விடியக்காலம் வாங்க. எங்க லயத்துக்கு மேல தெரியும். குட்டியோட வரும்.” நான்கே வாக்கியத்தில் அந்த விலங்கின் ஒரு நாள் நடப்பைச் சொல்லிவிட்டார். காலையிலும் மாலையிலும் மேய்ச்சல், வெயில் நேரத்தில் செங்குத்துப் பாறையில் அசைபோடுதல். ஆய்வேடுகளில் மணிக்கணக்கோடு பதிவாகியிருப்பதும் இதுவே. “அக்கா, எத்தனை வருசமா பாக்குறீங்க?” என்றேன். “பொறந்ததுல இருந்து” என்றார்.

ஐந்தாம் மைலில் இறங்கி வனத்துறைப் பேருந்தில் மாறி ஏற வேண்டும். இரவிகுளம் தேசியப் பூங்காவின் பரப்பு 97 சதுர கிலோமீட்டர். சுற்றுலாப் பயணிகள் நடக்க அனுமதி உள்ள இராஜமலை அதில் ஒரு ஓரம்தான். தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடி, 2695 மீட்டர், தலைக்குமேல் நிற்கிறது. ஒரு காலத்தில் இது கண்ணன் தேவன் தேயிலைக் கம்பெனியின் வெள்ளைக்காரத் துரைமார் வேட்டையாடிய நிலம். 1971இல் கேரள அரசு நிலத்தை மீட்டது. 1975இல் சரணாலயம், 1978இல் தேசியப் பூங்கா.

தார்ச்சாலை ஓரத்திலேயே அவை நின்றன. பெண் ஆடுகள் நான்கைந்து, அவற்றுக்குள் ஒன்றையொன்று முட்டித் தள்ளி விளையாடும் குட்டிகள். கொஞ்சம் உயரத்தில் ஒரு கிழட்டுக் கடா. உடல் முழுக்கக் கரும்பழுப்பு, முதுகில் மட்டும் வெள்ளி நிறத்தில் சேணம் போட்டதுபோல. வேட்டைக்காரர்கள் காலத்திலிருந்தே இந்தச் சேணமுதுகுக் கடாக்களுக்குத் தனி மரியாதை உண்டு. அவற்றின் தலைகளே துரைமார் பங்களாச் சுவர்களில் தொங்கின. கடாவின் எடை ஏறக்குறைய நூறு கிலோ, பெண் அதில் பாதி. கொம்பு இரண்டுக்கும் உண்டு, பின்னோக்கி வளைந்து. எனக்கு முன்னால் நின்ற கடா பாறையில் நடந்த விதத்தைச் சொல்லியாக வேண்டும். என் கை அகலம்கூட இல்லாத விளிம்பு. முன்காலை வைத்து எடையை மெல்லச் சாய்த்துப் பார்த்தது. குளம்பின் வெளிவிளிம்பு கெட்டியானது, உள்ளே இருக்கும் திண்டு மெத்தென்று பாறையைப் பிடித்துக்கொள்ளும். அதன் பிறகு அடுத்த கால். கீழே முன்னூறு அடிக்குமேல் பள்ளம். அவசரமே இல்லை.

மற்ற இடங்களில் மனித வாடை பட்டாலே ஓடிவிடும் இந்த விலங்கு இங்கே இவ்வளவு அருகில் நிற்பதற்குக் காரணம் உப்பு. அந்தக் காலத்து எஸ்டேட் துரைகள் வைத்த உப்பைத் தேடி வந்து பழகிய தலைமுறைகளின் வாரிசுகள் இவை. மலைப்புல்லில் சோடியம் குறைவு. அதனால் புல் தின்னும் விலங்குக்கு உப்பின் மீது தீராத ஆசை. அந்தப் பழக்கம் ஒரு ஆய்வாளரின் வாழ்க்கைக்கே வழி திறந்தது.

கிளிஃபோர்டு ரைஸ் என்ற அமெரிக்கர் 1979 முதல் 1981 வரை இரவிகுளத்தில் இருந்தார். டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்துக்காக வரையாட்டின் நடத்தையையும் சூழலையும் பற்றி அவர் எழுதிய முனைவர் பட்ட ஆய்வேடு 1984இல் முடிந்தது. இன்றுவரை இந்த விலங்கைப் பற்றி யார் எழுதினாலும் அதைத் தொடாமல் எழுத முடியாது. அவர் செய்ததைப் பட்டியலாகப் படித்தால் சாதாரணமாகத் தெரியும்: வயதுவாரியாகப் பிரித்தார், யார் யாரோடு சேர்கிறார்கள் என்று குறித்தார், எத்தனை பெண்ணுக்கு எத்தனை குட்டி என்று கணக்கிட்டார். ஆனால் வரையாடு இணை சேரும் பருவம் தென்மேற்குப் பருவமழைக் காலம். ஜூன், ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் இந்த மலையில் கை நீட்டினால் விரல் தெரியாத மூடுபனி இருக்கும். மழை மேலிருந்து மட்டும் பெய்வதில்லை. காற்றோடு பக்கவாட்டில் வந்து அறையும். அட்டை ஒருபுறம். இரண்டு கடாக்கள் பக்கத்துக்குப் பக்கம் நின்று சுற்றிச் சுற்றி வரும் சண்டை அப்போதுதான் நடக்கும். அதைப் பார்த்து எழுத வேண்டுமென்றால் அந்த மழையில் அங்கே நின்றாக வேண்டும். பனி ஒரு நிமிடம் விலகும். அதற்குள் எண்ணி, எது எது எனக் குறித்து, நேரம் எழுத வேண்டும். மீண்டும் மூடிவிடும். இப்படிச் சேர்ந்த நிமிடங்களின் தொகைதான் அந்த ஆய்வேடு.

அதில் என்னை நிறுத்திவைத்த செய்தி ஒன்று. நல்ல காலம் இருந்தால் ஒன்பது ஆண்டுக்கும் மேல் வாழக்கூடிய விலங்குக்குச் சராசரி ஆயுள் மூன்று, மூன்றரை ஆண்டுதான். சிறுத்தை, செந்நாய், புலி, குளிர், நோய் எல்லாம் சேர்ந்து அவ்வளவுதான் விடுகின்றன. ஆகவே ஒவ்வோர் ஆண்டும் பிழைக்கும் குட்டிகளின் எண்ணிக்கையே கூட்டத்தின் விதி. இந்த ஒரு கணக்கை வைத்துத்தான் குட்டி ஈனும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இராஜமலை சுற்றுலாவுக்கு மூடப்படுவது எவ்வளவு சரி என்று புரிந்துகொள்ள முடிகிறது.

ரைஸ் பிறகு எங்கே போனார் என்று தேடிப் பார்த்தபோது மனம் நிறைந்தது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில வனவுயிர்த் துறையில் மலையாட்டு நிபுணரானார். வெண்மயிர் அடர்ந்த, பனிமலைப் பாறைகளில் வாழும் விலங்கு அது. அங்கும் அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரைகளில் ஒன்று, மலையாடுகள் கனிம உப்பு நக்கும் இடங்களுக்கு எப்போது, எவ்வளவு தூரம் போகின்றன என்பது பற்றி. இன்னொன்று, அந்த மாநிலத்தில் அவை குறைந்துபோனதில் வேட்டை உரிமங்களுக்கு இருந்த பங்கைப் பற்றி. இராஜமலையில் தொடங்கிய பார்வை கடல் கடந்தும் மாறவில்லை: ஒரு சரிவு, ஒரு தொலைநோக்கி, உப்பு, குட்டிகளின் எண்ணிக்கை.

அவருக்கு முன்பே இங்கு வந்தவர் ஷாலர். 1969இல் நீலகிரியிலும் இரவிகுளத்திலும் வரையாட்டைப் பார்த்து எழுதினார். அதன் பிறகு அவருடைய வாழ்க்கையின் பெரும் பகுதி குளம்புள்ளவற்றின் பின்னாலேயே போனது. 1973இல் நேபாளத்தின் டோல்போவுக்கு எழுத்தாளர் பீட்டர் மத்தீசனோடு நடந்தே போனாரே, அது பனிச்சிறுத்தைக்கான பயணமாகவே உலகுக்குத் தெரியும். ஷாலர் போனது பரல் என்ற நீல ஆட்டின் இணைசேர் பருவத்தைப் பார்க்க. அது செம்மறியா வெள்ளாடா என்ற கேள்விக்கு அதன் நடத்தையைப் பார்த்து விடை தேடினார்; செம்மறியின் சாயல் இருந்தாலும் வெள்ளாட்டின் பக்கம் நிற்பது என்றார். வரையாட்டின் கதை இதற்கு நேரெதிர். இமயத்திலும் அரேபியாவிலும் உள்ள தார் ஆடுகளோடு ஒரே பேரினத்தில்தான் அதை நெடுங்காலம் வைத்திருந்தார்கள். 2005இல் மரபணு ஆய்வு வந்தது. நம் வரையாட்டின் நெருங்கிய உறவு செம்மறிதான் என்று தெரிந்தது. உலகில் வேறெங்கும் இல்லாத தனிப் பேரினமாக அது இப்போது நிற்கிறது. சங்கப் புலவர்கள் வருடை என்று பாடிய விலங்குக்கு அறிவியல் தனி இடம் கொடுக்க அத்தனை காலம் ஆகியிருக்கிறது.

ஆனாலும் இந்த மலைத்தொடரில் என் மனம் அதிகம் தேடியது ஒரு வழக்கறிஞரை. நீலகிரியில் வாழ்ந்த ஈ. ஆர். சி. டேவிதார் விலங்கியல் பட்டம் பெற்றுச் சம்பளத்துக்கு வந்தவர் அல்லர். நீதிமன்ற வேலைக்கு நடுவே 1963இல் நீலகிரி வரையாடுகளை எண்ணினார். பிறகு 1975இல் தொடங்கிச் சில ஆண்டுகள், நீலகிரியிலிருந்து தெற்கே அகத்தியமலை வட்டாரம் வரை ஏறக்குறைய 400 கிலோமீட்டர் நீளத்துக்குச் சிதறிக் கிடக்கும் மலைமுகடுகளை ஏறிப் பார்த்தார். எந்த முகட்டில் உண்டு, எதில் இருந்து அழிந்தது என்று ஊர்ப் பெயர்களோடு எழுதினார். மொத்தம் சுமார் 2200 என்பது அவர் மதிப்பீடு. சாலை இல்லாத, செல்பேசி இல்லாத காலம். கூட வந்தவர்கள் அந்தந்த மலை மக்கள். யானைகளின் வலசைப் பாதைகளையும் அவர் பின்னாளில் குறித்துக் கொடுத்தார். அவர் நினைவாகத்தான் தமிழ்நாடு அரசு அக்டோபர் 7ஆம் நாளை வரையாட்டு நாளாகக் கொண்டாடுகிறது.

டேவிதாரோடு சேர்த்து நினைக்க வேண்டியவர் நாங்குநேரியில் பிறந்த ஏ. ஜே. டி. ஜான்சிங். சிவகாசிக் கல்லூரி ஆசிரியராக இருந்தவர் பந்திப்பூரில் செந்நாயை ஆராயப் போனார். செந்நாய் என்ன தின்கிறது என்று அறிய அவர் புள்ளிமானை அறிந்தாக வேண்டியிருந்தது. பிறகு டேராடூன் இந்திய வனவுயிர் நிறுவனத்தில் ஒரு தலைமுறை ஆய்வாளர்களை மலையேற்றிப் பழக்கினார். 2024இல் காலமானார்.

நடை முடியும் இடத்தில் தடுப்புக் கயிறு. அங்கே நின்ற காவலர் முதுவர் இனத்தைச் சேர்ந்தவர். பூங்காவின் கண்களும் கால்களும் இவர்களே. சனவரியில் முற்றிய புல்லைப் பகுதி பகுதியாக எரித்துத் தளிர் வரவைப்பதும், தீத்தடுப்புக் கோடு வெட்டுவதும், ஏப்ரலில் கணக்கெடுப்புக்கு முன்னால் நடப்பதும் அவர்கள் வேலை. “அண்ணே, பனியில எப்படி எண்ணுவீங்க?” என்று கேட்டேன். “பனியில எண்ணக் கூடாது சார். உக்காந்திருக்கணும். தெளிஞ்சதும் ரெண்டு பேரும் தனித்தனியா எண்ணணும். அவன் எண்ணினத நான் கேக்கக் கூடாது, நான் எண்ணினத அவன் கேக்கக் கூடாது. அப்புறந்தான் ஒத்துப் பாக்கிறது.” ஒரே நிலப்பகுதியை இரண்டு பேர் தனித்தனியே எண்ணி, விடுபட்டதைக் கணக்கால் மதிப்பிடும் முறையை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூலும் சொல்லிவிட முடியாது. ஆய்வேடுகளின் முதல் பக்கத்தில் நன்றி என்ற ஒரு வரிக்குள் இவர்களை அடக்கிவிடுகிறோம். அது போதாது. இவர்கள் பெயரும் ஆசிரியர் பெயர் வரிசையில் வர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அந்தக் கயிற்றுக்கு அப்பால் போகும் வழி பெட்டிமுடிக்குப் போகிறது. 2020 ஆகஸ்டு 6ஆம் தேதி இரவு மலை சரிந்து தேயிலைத் தொழிலாளர் லயங்களை மூடியது. எழுபது பேர் போனார்கள், பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து தலைமுறைகளுக்கு முன் கொண்டுவரப்பட்ட குடும்பங்கள். அடக்கம் செய்ததும் இராஜமலையில்தான். வரையாட்டைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் அந்த இடத்தையும் ஒரு நிமிடம் நினைக்க வேண்டும். ஒரே மழை, ஒரே சரிவு. இங்கே வாழ்ந்தவர்கள் எல்லாருக்கும் பொது.

சரி, இவ்வளவு பேர் எண்ணியதில் தெரிந்தது என்ன? 2025 ஏப்ரலில் தமிழ்நாடும் கேரளமும் ஒரே நாட்களில் சேர்ந்து கணக்கெடுத்தன. தமிழ்நாட்டில் 1303, கேரளத்தில் 1365, மொத்தம் 2668. டேவிதார் சொன்ன எண்ணோடு ஒப்பிட்டால் அரை நூற்றாண்டில் அழியவில்லை என்று நிம்மதி கொள்ளலாம். ஆனால் முறைகள் வேறு. அன்று போகாத முகடுகளுக்கு இன்று போகிறார்கள். பழைய வாழிடத்தில் சுமார் 14 விழுக்காட்டில் இந்த விலங்கு அறவே இல்லாமல் போய்விட்டது என்பதுதான் கவலைக்குரிய எண். மீதி இருப்பவையும் சின்னச் சின்னத் தீவுகளாகப் பிரிந்து கிடக்கின்றன.

ஒன்றைக் கவனித்தேன். ஆட்டை ஆராய வந்தவர்கள் எல்லாருமே கடைசியில் புல்லைப் பற்றிப் பேச நேர்ந்திருக்கிறது. நீலகிரியில் புல்வெளியை வெற்று நிலம் என்று எண்ணி வாட்டிலும் பைனும் யூகலிப்டசும் நட்டார்கள். மரம் நட்டால் நல்லது என்று நம்பினார்கள். 1993இல் இரா. சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் நீலகிரிச் சதுப்பு மண்ணின் கார்பனை ஆராய்ந்து வெளியிட்டதில், பனியுகக் காலத்திலேயே இங்கே புல்வெளி பரந்திருந்தது தெரிந்தது. சோலைக் காட்டை மனிதன் வெட்டி உண்டாக்கிய வெறுமை அல்ல அது. வாட்டில் நட்ட இடத்தில் வரையாடு ஏறாது. பகையைத் தூரத்திலேயே பார்க்க அதற்குத் திறந்த வெளி வேண்டும். பார்த்ததும் ஓடிச் சேரப் பக்கத்தில் பாறை வேண்டும். இரண்டுக்கும் நடுவே மரக்கூட்டம் நின்றால் அது அவ்விடத்தைக் கைவிட்டுவிடும்.

தமிழ்நாடு அரசு 2022இல் அறிவித்த வரையாட்டுத் திட்டத்துக்கு 25 கோடி ரூபாய்க்குச் சற்று அதிகமாக ஒதுக்கியது. புல்வெளி மீட்பு, கணக்கெடுப்பு, கழுத்துப்பட்டைக் கருவி பொருத்திக் கண்காணிப்பு எல்லாம் அதில் உண்டு. நல்ல தொடக்கம். ஆனால் இப்படிப்பட்ட திட்டங்களில் இளம் ஆய்வாளர்கள் இரண்டு, மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் வந்து, மலையின் பனியையும் விலங்கின் முகத்தையும் பழகிக்கொள்ளும் நேரத்தில் விடைபெற வேண்டியிருக்கிறது. ஒரு வரையாட்டுத் தலைமுறையையாவது முழுதாகப் பார்க்காமல் எதைச் சொல்ல முடியும்? விலங்கியல் படிக்கும் பிள்ளை ஒருவர் மானையோ ஆட்டையோ பார்த்து வாழப்போகிறேன் என்று சொன்னால், புலி இல்லையா என்று கேட்டு அவர் ஆர்வத்தைக் குறைக்காதீர்கள். பல்கலைக்கழகங்கள் அவருக்கு ஐந்து ஆண்டு அல்ல, பத்து ஆண்டு மலையில் இருக்க வழி செய்ய வேண்டும். இராஜமலைக்குப் போகிறவர்கள் உப்போ தின்பண்டமோ கையில் கொண்டுபோக வேண்டாம். தொடவும் வேண்டாம், தள்ளி நின்று பாருங்கள். வரையாட்டுத் திட்டத்தின் காலம் 2027இல் முடிகிறது; அதற்குப் பிறகும் ஏப்ரல்தோறும் எண்ண ஆட்களும் அவர்களுக்குச் சம்பளமும் இருக்க வேண்டும் என்று இரண்டு அரசுகளையும் இப்போதே கேட்க வேண்டும்.